மத்தியானச் சொட்டு மருந்து

அந்த ஓரத்து நாற்காலி வேண்டாம் தங்கச்சி, ஒரு கால் ஆடும். இப்படி என் பக்கத்தில் வாருங்கள். பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். தூக்கம் இல்லை, எனக்குத் தெரியும். தூங்குகிறவர்களுக்குக் கழுத்து தொங்கும். உங்கள் உதடு லேசாகச் சிரித்தது. யாரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? முன்பின் தெரியாதவளிடம் கேட்கிற கேள்வியா என்று நினைப்பீர்கள். இந்த ஒரு வருஷமாக எனக்கு இதே வேலைதான். யார் கண்ணை மூடினாலும் கேட்டுவிடுகிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவளைக்கூட விடுவதில்லை.

உங்கள் அம்மாவா? புரை எடுக்க உள்ளே போயிருக்கிற அம்மா. பச்சை அங்கியை மாட்டி, தலையில் தொப்பி வைத்துக் கூட்டிக்கொண்டு போனபோது சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார்கள், அதை நினைத்துச் சிரித்தேன் என்கிறீர்கள். அந்தத் தொப்பி உங்களுக்குத் தெரிந்ததா? நிறத்தோடு தெரிந்ததா? பார்த்தீர்களா, தலையை ஆட்டுகிறீர்கள். சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆட்டுவதைப் போல ஆட்டுகிறீர்கள். உங்களுக்கு அது அவ்வளவு சாதாரணம்.

எங்கள் வீட்டுக்காரர் பத்து மணிக்கு உள்ளே போனார். இப்போது பதினொன்றே கால். இந்த ஒன்றேகால் மணி நேரமாக எனக்கு அவர் முகம் இல்லை. இல்லை என்றால் இல்லைதான். மறந்துபோகவில்லை. விவரமெல்லாம் தெரியும். வலது புருவத்தில் ஒரு வெட்டு, காது மடலில் முடி, மேலுதடு மெல்லிசு. எழுதி வைத்துப் படிக்கிறவள் மாதிரி வரிசையாகச் சொல்லுவேன். ஆனால் கண்ணை மூடினால் கரும்பலகைதான். எழுதாத கரும்பலகை. அதனால்தான் இந்த ஆஸ்பத்திரி அட்டையைக் கையிலேயே வைத்திருக்கிறேன். மூலையில் போட்டோ ஒட்டியிருக்கிறது, பாருங்கள். நன்றாகத்தான் இருப்பார். தபால்காரராக இருந்தவர். செஞ்சிக்கு அந்தப் பக்கம் ஏழு ஊருக்கு சைக்கிளில் தபால் கொண்டுபோனவர். கண் போனதும் வேலையை விட்டுவிட்டார். எத்திராஜ் என்று போட்டிருக்கிறது பாருங்கள். என் பேர் அஞ்சலாட்சி.

எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நாற்பத்தாறு வயசு வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன், தங்கச்சி. "அவ கண்ணுக்குள்ளயே நிக்கிறா" என்பார்கள் இல்லையா? அதெல்லாம் பேச்சுக்குச் சொல்கிறது என்று நினைத்தேன். வயிறு எரியுது என்கிறோம், அடுப்பா எரிகிறது? அந்த மாதிரி. எட்டாவதில் என்னை நிறுத்திவிட்டார்கள், அம்மாவுக்கு உடம்பு முடியாமல். அம்மா போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் எனக்கு அவள் முகம் இல்லை. அழுதேன். எல்லாருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது, அதனால்தான் எல்லாரும் இப்படி அழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ரேஷன் அட்டையில் ஒட்டியிருந்த படத்தை வெட்டி எடுத்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். எங்கள் அம்மா முகம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எந்தக் காரியம் என்கிறீர்களா? சொல்கிறேன். நீங்கள் கடலூர்க்காரர்கள், எங்கள் ஊர்ப் பக்கம் வரப்போவதில்லை. உங்களிடம் சொன்னால் என்ன?

நான் அவருக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் பேர் சம்பூரணம். மூன்று வருஷம் வாழ்ந்தாள். மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பிள்ளை இல்லை. நான் கல்யாணமாகிப் போனபோது நடுவீட்டில் அவள் போட்டோ இருந்தது, கண்ணாடி போட்டு, சீரியல் பல்பு சுற்றி. நான் காலையில் கண் விழித்தால் அவள். அடுப்பங்கரையிலிருந்து திரும்பினால் அவள். அவருக்குச் சோறு போடக் குனிந்தால் என் தலைக்கு மேலே அவள். ஒன்றும் சொல்லமாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள்.

எங்கள் வீட்டில் பூவாடைக்காரிக்குப் படைக்கிற வழக்கம் உண்டு. உங்கள் பக்கமும் உண்டா? பூவும் பொட்டுமாகச் செத்தவளை வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது. எங்கள் வீட்டில் ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து, குடத்துக்குப் புதுச்சேலை சுற்றி, பூ வைத்து, பொங்கல் வடை எல்லாம் படைத்துக் கும்பிட வேண்டும். சேலையைப் புருஷன்தான் வாங்க வேண்டும். செத்தவளுக்குப் பிடித்த நிறத்தில் வாங்க வேண்டும். அவளுக்குப் பிடித்தது வாடாமல்லி நிறம். படையல் முடிந்ததும் அந்தச் சேலையை வீட்டுப் பெண் கட்ட வேண்டும். யார் வீட்டுப் பெண்? நான்தான். இருபத்தாறு வருஷம், இருபத்தாறு வாடாமல்லிச் சேலை. எனக்குக் கிளிப்பச்சை பிடிக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமா, கேட்டுப் பாருங்கள்.

சரி, போட்டோவுக்கு வருகிறேன். கல்யாணமான இரண்டாம் வருஷம், பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். அவர் தபாலுக்குப் போயிருந்தார். போட்டோவைக் கழற்றினேன். துடைத்து வைக்கத்தான் கழற்றினேன், சத்தியமாக. கையில் எடுத்ததும் மனசு மாறிவிட்டது. உரச்சாக்கில் சுற்றி, உள்ளே ஒரு செங்கல்லை வைத்துக் கட்டி, பின்னால் ஒரு பாழுங்கிணறு இருக்கிறது, அதில் போட்டுவிட்டேன். அவர் வந்ததும், கை தவறிச் சுண்ணாம்பு வாளியில் விழுந்து வெந்துபோய்விட்டது என்று அழுதேன். அழுகை வரத்தான் செய்தது, பயத்தில்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "போனா போவுது விடு. கையில கண்ணாடி கிழிச்சிடுச்சா பாரு" என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டார், படுத்தார், குறட்டை விட்டார்.

எனக்கு எப்படி இருந்தது என்கிறீர்கள்! ஜெயித்துவிட்டேன். போட்டோ போனால் ஆள் போயாயிற்று. எனக்கு அப்படித்தானே? என் அம்மாவுக்கு அந்த ரேஷன் அட்டைத் தாள் கிழிந்தால் என்ன ஆகும், அதுதான் இவளுக்கும் ஆயிற்று என்று இருந்தேன். ஆடி வந்தால் அவர் குடத்துக்கு முன்னால் கண்ணை மூடிக் கையைக் கூப்பி வெகுநேரம் நிற்பார். நானும் பக்கத்தில் நிற்பேன். நான் இருட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவரும் இருட்டைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். பொங்கல் ஆறுகிறதே என்பதுதான் அப்போது என் கவலை. எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறேன் பாருங்கள், இருபத்து நான்கு வருஷம், பைத்தியக்காரி.

போன பங்குனியில்தான் உடைந்தது. அவருக்குக் கண்ணில் பிரஷர் என்றார்கள். நமக்கு உடம்பில் இருக்கிற மாதிரி கண்ணுக்கும் உண்டாம். இடது கண் அதற்குள் போயேவிட்டது. வலது கண்ணிலும் ஓரமெல்லாம் மங்கல். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் பார்க்கலாம் என்றார்கள். இதே ஆஸ்பத்திரியில் மாடியில் ஒரு வகுப்பு நடக்கும். பார்வை குறைகிறவர்களுக்கும் கூட இருக்கிறவர்களுக்கும். சொல்லிக் கொடுக்கிறவள் சின்னப் பெண், நல்ல பெண். எங்களை எல்லாம் வட்டமாக உட்கார வைத்து, கண்ணை மூடுங்கள் என்றாள். உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறீர்கள், என்ன தெரிகிறது, ஒவ்வொருத்தராகச் சொல்லுங்கள் என்றாள்.

பண்ருட்டிக்காரர் ஒருத்தர் வாசலில் பலாமரம், அடியில் மூன்று காய், ஒன்றில் அணில் கடித்த ஓட்டை என்றார். ஒரு ஆயா மாட்டைச் சொன்னார்கள், கொம்பில் பூசின வர்ணத்தைச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்காரர் முறை வந்தது. "நீலக் கதவு. தாப்பாளுக்குக் கீழ பெயின்ட்டு உரிஞ்சி பழைய பச்சை தெரியுது. வலப்பக்கம் சைக்கிள், பெல்லுல வெயிலு படுது" என்றார். நிதானமாக, ஜன்னலில் பார்த்துச் சொல்கிறவர் மாதிரி. என் முறை வந்தது. எல்லாரும் நன்றாகக் கதை விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "இருட்டு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பண்ருட்டிக்காரர், "கரண்ட் பில்லு கட்டலியாம்மா?" என்றார். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. முடிந்த பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, இன்னும் நாலு கேள்வி கேட்டாள். உங்கள் பெண் முகம் தெரிகிறதா, சாமி முகம் தெரிகிறதா என்று. எனக்கு ஒரே பெண், ஓசூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. இல்லை என்றேன். எதுவும் இல்லை என்றேன். சில பேருக்குப் பிறவியிலேயே மனசில் படம் வராது, அது நோய் இல்லை, பயப்படாதீர்கள் என்றாள். நான் எதற்குப் பயப்படுகிறேன்? நான் கேட்டது வேறு. "அப்போ மத்தவங்களுக்கெல்லாம் வருமா?" என்றேன். வரும் என்றாள். "செத்தவங்களும் வருவாங்களா?" என்றேன். வருவார்கள் என்றாள். "போட்டோ இல்லாமலே வருவாங்களா?" என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அதே வகுப்பில் கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொன்னார்கள். எனக்கு அது ஒன்றுமே இல்லை. கதவு எத்தனை அடி, மேஜை எந்தக் கைக்கு, எல்லாம் காலுக்குத் தெரியும். நேராகப் போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு சிந்தாமல் கொண்டுவந்தேன். இவர் படம் பார்த்துக்கொண்டே போய் நாற்காலியில் முட்டி நகத்தைப் பேர்த்துக்கொண்டார். யாரோ நாற்காலியை நகர்த்திவிட்டார்கள், அவர் படத்தில் அது பழைய இடத்திலேயே இருந்திருக்கிறது. நீங்கதாம்மா இவருக்குச் சொல்லிக்கொடுக்கணும் என்றாள் அந்தப் பெண். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பேர் அதுதான். ஆனால் அதைக் கேட்கிற நிலையிலா இருந்தேன்?

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஆடிப் படையல்ல கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறீங்களே, இன்னா தெரியும்?"

"சம்பூரணம் தெரியும். பின்ன யாரு தெரிவா?" என்றார்.

"நெசமாவா? ஆளா?"

"ஆளாத்தான்."

"சேலையோடயா?"

"பின்ன?" என்று சிரித்தார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் திண்டிவனம் வரைக்கும் வாய் திறக்கவில்லை. நான் வாய் திறக்காமல் வருவது அவருக்கு அதிசயம். உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள் தங்கச்சி. நான் கிணற்றில் போட்டவள் கிணற்றுக்குப் போகவேயில்லை. இருபத்து நான்கு வருஷமாக வீட்டிலேயே இருந்திருக்கிறாள். நான் சாணி தெளித்த வாசலில், நான் ஆட்டிய மாவில் நான் ஊற்றிய தோசைக்கு முன்னால். அவர் கண்ணை மூடினால் போதும். நான் காவல் இருக்க முடியுமா? கதவைச் சாத்தலாம். கண்ணுக்குள் எப்படிச் சாத்துவது? உயிரோடு ஒருத்தியை வைத்திருந்தால்கூடப் போய்ச் சண்டை போடலாம். தெருவில் நிறுத்தி நாலு கேள்வி கேட்கலாம். இவளை எங்கே போய்க் கேட்பது?

அதிலும் கொடுமை இந்தச் சொட்டு மருந்து. ஒரு நாளைக்கு மூன்று வேளை. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் அசையாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடுமாம். அவருக்குக் கை நடுங்கும், நான்தான் விடுவேன். மூன்று வேளையும் மருந்தை ஊற்றி, கண்ணை மூடச் சொல்லி, அவளிடம் அனுப்பி வைக்கிறவளே நான்தான். இந்த மாதிரி யாருக்காவது எழுதியிருக்குமா, சொல்லுங்கள்.

காலையில் பரவாயில்லை. பால்காரர் வருவார், குழாயில் தண்ணீர் வரும், ஏதாவது சத்தம். ராத்திரி டிவி ஓடும். மத்தியானம்தான் வீடு அமைதியாக இருக்கும். சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார் என்றால் ஒரு நிமிஷத்தில் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். சற்று முன் உங்களுக்கு வந்ததே, அந்த மாதிரி. நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பேன். கத்தரிக்காய் விலையிலிருந்து கலைமதி மாமியார் வரைக்கும். கலைமதி என்பது எங்கள் பெண். சும்மா விடுவேனா? அவர் ம் ம் என்பார். சிரிப்பு மட்டும் போகாது.

ஒரு நாள் பொறுக்கவில்லை. "நான் தெரிவனா?" என்று கேட்டேன். "கண்ணை மூடினா நான் வருவனா?"

"நீதான் எதிர்லயே குந்தினு கத்திக்கினு இருக்கியே, உன்னைப் பாக்க எதுக்குக் கண்ணை மூடணும்?" என்றார்.

கேட்டீர்களா? கட்டினவளுக்கு அவ்வளவுதான் மரியாதை. எதிரே இருந்தால் பார்ப்பாராம். இல்லாவிட்டால் இல்லையாம்.

அப்புறம் ஆடி வந்தது. என் நாத்தனார் பவுனு அக்கா படையலுக்கு வந்திருந்தார்கள். சம்பூரணத்தை அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அவர்கள் பார்த்துக் கட்டி வைத்தவள்தான். குடத்துக்குப் பூ வைத்தாயிற்று. வாடாமல்லிச் சேலை, கேட்கவே வேண்டாம். இவர் கண்ணை மூடி நின்றார். எனக்குள் என்ன புகுந்ததோ, அக்கா இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. "வந்துட்டாளா? எப்படி இருக்கா, சொல்லுங்க, நாங்களும் தெரிஞ்சிக்கிறோம்" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். நான் அப்படியே சொல்கிறேன், ஒரு வார்த்தை மாற்றவில்லை. எனக்குப் படம்தான் நிற்காது, வார்த்தை நிற்கும். "வாடாமல்லிச் சேலை கட்டியிருக்கா. தலையை ஒருபக்கமா சாய்ச்சினு நிக்கிறா. கோவமா இருக்கா. கீழுதட்டைக் கடிச்சினு இருக்கா, அந்தத் தெத்துப்பல்லு தெரியுது. மோவாயில மச்சம்" என்றார்.

பவுனு அக்கா கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். "அடேய், அவளுக்கு ஏதுடா தெத்துப்பல்லு? வரிசையா அரிசி கோத்தாப்புல இருக்குமே. மச்சமும் கிடையாது. அவ எந்தக் காலத்துல கோவப்பட்டா? இதோ நிக்கிறாளே உன் பொண்டாட்டி, இவளுக்குத்தான் பல்லும் மச்சமும். கோவமும் இவளுக்குத்தான்" என்றார்கள்.

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். திருவிழாவில் வழி தப்பினவர் மாதிரி நின்றார். "இல்லக்கா, அப்படித்தான் தெரியறா" என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கு எல்லாம் சிரிப்புதான். வடையை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பேன்? என் பல்லை எடுத்து அவளுக்கு வைத்துவிட்டார். என் மச்சத்தை எடுத்து அவளுக்கு வைத்துவிட்டார். அவள் முகம் தேய்ந்துபோய் ஓட்டை விழுந்த இடத்தில் எல்லாம் என்னிடமிருந்து பிய்த்து ஒட்டிவைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறார். என் புருஷன், என் வீடு, என் அடுப்பு, இத்தனையும் கொடுத்தாயிற்று, கடைசியில் என் மூஞ்சியும் அவளுக்கா? நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? இருங்கள், சொல்லி முடித்துவிடுகிறேன். இதுதான் யாருக்கும் சொல்லாதது.

அடுத்த நாளிலிருந்து மத்தியானச் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டேன்.

"டாக்டரு ரெண்டு வேளை போதும்னு சொல்லிட்டாரு" என்றேன். அவரால் சீட்டைப் படிக்க முடியாது. சரி என்றார். நான் சொன்னால் சரிதான் அவருக்கு. காலையும் ராத்திரியும் ஒழுங்காக விட்டேன், சாமி சத்தியம். மத்தியானம் மட்டும்தான். அந்த ஐந்து நிமிஷம் மட்டும்தான். மூன்றில் ஒன்று குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். சாப்பிட்டு முடித்ததும், வாங்க, வாசலில் காற்றாட உட்காரலாம் என்று வெளியே இழுத்துக்கொண்டு போய்விடுவேன். இத்தனை எட்டு வைத்தால் திண்ணை, இத்தனை வைத்தால் குழாய் என்று நடக்கச் சொல்லிக் கொடுப்பேன். கண்ணை மூட விடமாட்டேன். ஆடியிலிருந்து கார்த்திகை வரைக்கும்.

கார்த்திகையில் பரிசோதனைக்கு வந்தோம். பிரஷர் ஏறிக் கிடக்கிறது என்றார்கள். டாக்டரம்மா இவரைத்தான் கேட்டார்கள், மருந்தெல்லாம் ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று. இவர் என்ன சொன்னார் தெரியுமா? "அவ ஒரு நாளும் தவற மாட்டாம்மா. மருந்து விஷயத்துல கடிகாரம் தோத்துடும்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். டாக்டரம்மா என்னைப் பார்த்துப் பாராட்டுகிற மாதிரி தலையை அசைத்தார்கள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மருந்து கேட்கவில்லை போலிருக்கிறது, இனி ஆபரேஷன்தான் என்று எழுதிவிட்டார்கள்.

இன்றைக்கு நடக்கிறது. நல்லபடியாக முடிந்தால் இருக்கிற பார்வை நிற்கும். இல்லாவிட்டால் அதுவும் இல்லை. நாளைக் காலையில் கட்டைப் பிரித்தால்தான் தெரியும். இடது கண் முன்னமே இல்லை, வலது கண்ணில் கட்டு, அப்படியானால் இன்றைக்குப் பூராவும் அவர் அவளோடுதான் இருப்பார். நாளைக்குக் கட்டைப் பிரித்தும் தெரியவில்லை என்றால் ஆயுசுக்கும் அவளோடுதான். நான் எதிரே உட்கார்ந்து கத்தினாலும் தெரியமாட்டேன். கண் தெரிந்தால்தானே என்னைப் பார்ப்பார்?

காலையில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு கூத்து. தள்ளுநாற்காலியில் உட்கார வைத்து உள்ளே கொண்டுபோகிறார்கள். இவர் நிறுத்தச் சொன்னார். "அஞ்சலை, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா" என்றார். ஜன்னல் பக்கமாகப் போய் நின்றேன். பார்த்துக்கொண்டே இருந்தார். நர்சு நிற்கிறாள், பின்னால் இன்னும் நாலு பேர் காத்திருக்கிறார்கள். "இன்னா அப்படிப் பாக்கிறீங்க, எல்லாரும் பாக்கிறாங்க" என்று அதட்டினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன், அழுதுவிடக் கூடாது என்று. "அதான், அப்படியே இரு" என்றார். அப்புறம் போகலாம் என்று நர்சிடம் சொல்லிவிட்டார். வருகிறேன் என்றுகூட என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அவளுக்கு ஒட்டவைக்க இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று என் மூஞ்சியில் தேடியிருக்கிறார். வேறென்ன?

என்ன சொன்னீர்கள்?

மெதுவாகச் சொல்லுங்கள். பேர் கூப்பிடுகிற அந்த மைக்குச் சத்தத்தில் காதில் விழவில்லை.

அவர் பார்ப்பது என்னையா? இல்லை தங்கச்சி, நீங்கள் சரியாகக் கேட்கவில்லை. பேரைச் சொன்னாரே. சம்பூரணம் என்று வாயைத் திறந்து சொன்னாரே. பேர் மட்டும்தான் அவளுடையது என்கிறீர்கள். இருங்கள். அவசரப்படாதீர்கள். எனக்குப் படமாக யோசிக்க வராது, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால்தான் புரியும். பல் என்னுடையது. மச்சம் என்னுடையது. வாடாமல்லிச் சேலை அவளுடையது. அவள் கட்டியது மூன்று வருஷம். இருபத்தாறு வருஷம் கட்டினது நான். தலையைச் சாய்த்து நிற்பது... அது நான்தான், எனக்குக் கழுத்தில் சின்ன வயசிலிருந்தே ஒரு பிடிப்பு. கோபம். உதட்டைக் கடிப்பது.

இல்லை. கும்பிடுகிறபோது அவளைத்தானே நினைத்திருப்பார். நினைத்தது அவளை, வந்தது நான் என்கிறீர்களா? அவருக்கே தெரியாமலா? அக்கா சொன்னபோது வழி தப்பினவர் மாதிரி நின்றாரே, அதுதானா அது?

அப்படியானால் மத்தியானம் சாய்வு நாற்காலியில் சிரித்தது?

தங்கச்சி, கொஞ்சம் தண்ணீர் இருந்தால் கொடுங்கள். வேண்டாம், வேண்டாம், சிந்திவிடுவேன்.

நாலு மாதம். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகையும் முக்கால்வாசி போய்விட்டது. தினம் ஐந்து நிமிஷம். யாரைப் பார்க்க விடாமல் அந்த மருந்தை நிறுத்தினேன்? நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் யாரை?

இல்லை, அப்படி இருக்காது. நீங்கள் சின்ன வயசு, உங்களுக்குத் தெரியாது. ஆண்கள் முதல் பெண்டாட்டியை மறக்கமாட்டார்கள். அவளைத்தான் பார்க்கிறார். நன்றாகப் பார்க்கட்டும். நாள் பூராவும் பார்க்கட்டும், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். என் பல், என் மச்சம், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். அவளாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

கூப்பிடுகிறார்களா? எத்திராஜ் கூட வந்தவர் யார் என்றுதானே கேட்டாள்? இதோ வருகிறேனம்மா, ஒரு நிமிஷம், செருப்பைக் காணோம். டாக்டரம்மாவும் நிற்கிறார்கள் பாருங்கள். அவர்களிடம் அந்த மத்தியான மருந்தைச் சொல்லத்தான் வேண்டும், இல்லையா? சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் எனக்கு ஒன்று சொல்லுங்கள். தலையைக் குனியாதீர்கள். நீங்கள் படித்தவர்கள், நீங்கள் சொன்னால் நம்புவேன். அவளைத்தான் பார்க்கிறார் என்று சொல்லுங்கள். பொய்யாக இருந்தால் என்ன, சொல்லுங்கள் தங்கச்சி, அவள்தானே?